பின்சீட்டில் கேட்டது

1

இந்தக் கதையில் வரும் முதல் இரண்டு வசனங்கள் என்னுடையவை அல்ல. பிம்ப்ரியில் மோர்வாடி சிக்னலில் ஒரு சாயங்காலம் அவை என் காதில் விழுந்தன. மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது. அதற்கான பழியும் என்னுடையது.

பூனாவுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும், ரோட்டில் தமிழ் கேட்டால் என் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. அன்றைக்கும் திரும்பியது. எனக்கு இடப்பக்கம் ஒரு சாம்பல் நிற ஸ்கூட்டர். ஓட்டியவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும் என்று வயிறு சொன்னது. முகத்தை ஹெல்மெட் மூடியிருந்தது. பின்சீட்டில் ஒரு அம்மா, மடியில் விடைத்தாள்கள் பிதுங்கும் துணிப்பை. அவர் அந்த ஹெல்மெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துத் திருநெல்வேலித் தமிழில் கேட்டார்.

“நான் போகட்டுமா? நெசமாத்தான் கேக்கேன். நான் போகட்டுமா?”

சிக்னல் பச்சைக்கு மாறியது.

“போலாம், போலாம்” என்று சொல்லி அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

ஸ்கூட்டர் என்னைத் தாண்டும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பலம் கொண்ட மட்டும் தள்ளவேண்டும் என்று நினைத்துக் கை வைத்த கதவு, தொட்டதுமே திறந்துகொண்டால் ஒருவர் தடுமாறுவார் அல்லவா, அப்படி இருந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து என்னைத் துரத்திவிட்டார்கள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கே போகட்டுமா? அவர் ஏன் அத்தனை சுலபமாகச் சரி என்றார்? வீடு வந்து சேரும்வரை அதையே யோசித்தேன். மேம்பாலத்தை இறங்கும்போதுதான் ஒன்று தட்டியது. அவருக்கு அது கேட்டே இருக்காது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் மறைக்காமல் இங்கேயே வைக்கிறேன்.

முதலாவது: “சூர்யநாராயணனின் உலகம் கொஞ்சம் கொஞ்சமாக மௌனத்தில் மூழ்கிக்கொண்டு—”

[இதை ஜொஹ்ராவிடம் காட்டினேன். ஜொஹ்ரா என் தோழி. அவளும் அவள் கணவர் பாட்சாவும் பிம்ப்ரி மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். முப்பது வயதிலிருந்தே அவளுக்குக் காது மந்தம். படித்துவிட்டுத் தாளை மேஜையில் போட்டாள். “மௌனமா? எந்த மௌனம்? எனக்கு நாள் பூரா இரைச்சல்தான். சத்தமெல்லாம் வரும், சொல்லுதான் வராது. பழைய ரேடியோல முள்ளு ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு உள்ள போகாம இருக்குமே, அப்படி.” அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: “செவித்திறன் குறைபாடு என்பது ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே—”

[இது கதையா, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற காகிதமா? இதையும் அடித்துவிட்டேன்.]

மூன்றாவது இதுதான். இதையே வைத்துக்கொள்வோம்:

சூர்யநாராயணனும் சாந்தகுமாரியும் கல்யாணம் முடிந்து பிம்ப்ரிக்கு வந்தபோது வீடு என்பது ஒரு ஹாலும் ஒரு சமையலறையும். அதற்குள் அவருடைய அப்பா, அம்மா, படிக்க வந்த தம்பி. இரண்டு பேர் தனியாகப் பேச அந்த வீட்டில் ஒரு மூலை இல்லை. ஆகவே அவர்கள் ஸ்கூட்டரில் பேசினார்கள். காலையில் அவளை அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அவர் கம்பெனி பஸ் பிடித்துச் சாகண் போவார். சாயங்காலம் திரும்பி வந்து ஏற்றிக்கொள்வார். முதல் மாதக் கோபம், மகளுக்கு என்ன பெயர் வைப்பது, மாமியாரைப் பற்றிய புகார், புது வீடு வாங்கலாமா என்ற கேள்வி, எல்லாம் அந்தச் சீட்டில்தான் நடந்தது. அப்புறம் பெரியவர்கள் காலமானார்கள், தம்பி துபாய் போனான், மகள் அம்மு ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடு காலியானது. ஆனாலும் முக்கியமான பேச்சு வந்தால் அவர்களுக்கு ஸ்கூட்டர் ஏறினால்தான் வாய் திறக்கும்.

[ஒரு சங்கடம். மேலே ‘அவர்’, ‘அவள்’ என்று எழுதிவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே மரியாதை கொடுத்தால் யார் எவர் என்று குழம்பும். யோசித்துப் பார்த்ததில், அந்தப் பள்ளிக்கூடம் மொத்தமும் அவரை அழைப்பதுபோல நானும் ‘டீச்சர்’ என்றே அழைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கணக்கு டீச்சர்.]

3

சாகணில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சூர்யநாராயணன் தரக் கட்டுப்பாட்டில் இருந்தார். அவருடைய மேஜைக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஷாப். தகடு அடிக்கும் இடம். காதடைப்பான் கொடுத்திருந்தார்கள், போட்டால் கூப்பிடுவது கேட்கவில்லை என்று பாதி நேரம் கழற்றி வைத்துவிடுவார். காது முழுதாகப் போகவில்லை. முதலில் ‘ச’வும் ‘த’வும் போயின. பிறகு பெண்களின் குரலில் மேல் பாதி போயிற்று. வருடாந்திரப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் சொன்னபோது, “தூசிதான் சார்” என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் கற்றுக்கொண்ட வித்தைகளை ஜொஹ்ராதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அத்தனையும் அவள் செய்து பார்த்தவையாம். எல்லாரும் சிரிக்கும்போது அரை நொடி தள்ளிச் சிரிப்பது. போனில் “நெட்வொர்க் சரியில்ல, மெசேஜ் போடுங்க” என்பது. யாராவது பேச வாயெடுக்கும் முன் தானே பேசத் தொடங்கிவிடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ம்’. இறங்கும் ‘ம்’ என்றால் ஆமாம். ஏறும் ‘ம்’ என்றால் அப்படியா. நீட்டிய ‘ம்ம்ம்’ என்றால் பாவம்தான். பின்சீட்டுக் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒன்றை வைத்தால் போதும்.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. ஊரிடம் மறைக்கட்டும், பொண்டாட்டியிடம் ஏன் மறைக்க வேண்டும்? காரணம் கிடைக்காமல் இரண்டு வாரம் கதையை மூடி வைத்தேன். பிறகு ஒருநாள் டீச்சரின் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே இருந்தது காரணம்.

அவருக்குக் காது மங்க மங்க, வீட்டில் சண்டை குறைந்திருந்தது. முன்பெல்லாம் டீச்சர் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். இப்போது குறுக்கே பேசுவதில்லை, மறுப்பதில்லை, எல்லாவற்றுக்கும் பொறுமையாக ‘ம்’. டீச்சருக்கு ஆச்சரியம். ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்: “எங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் நான் சொல்லுததை எவ்வளவு பொறுமையா கேக்காங்க தெரியுமா? வயசானா மனுஷன் கனிஞ்சுதான் போறான்.” ஒருமுறை இதை அவர் எதிரிலேயே, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? எனக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னால், அவள் வாழ்க்கையிலேயே அவள் பேச்சை மிகப் பொறுமையாகக் கேட்ட அந்த மனிதனை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல் ஆகும். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்துவிட்டார்.

4

டீச்சர் கேட்டது இதுதான். அவருடைய பள்ளியை நடத்தும் டிரஸ்டுக்குச் சாதாராவில் இன்னொரு பள்ளி இருந்தது. அங்கே ஹெட்மிஸ்ட்ரஸாக வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பூனாவிலிருந்து சாதாரா மூன்று மணி நேரம். தினம் போய்வர முடியாது. வாரம் முழுக்க அங்கே, சனி ஞாயிறு இங்கே.

இந்தக் கேள்வியை அவர் குளியலறையில் ஒத்திகை பார்த்தார். என்ன மறுப்பு வரும், அதற்கு என்ன பதில் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். “அப்ப நான் சாப்பாட்டுக்கு என்ன செய்ய?” என்பார். “இந்த வயசுல எதுக்கு?” என்பார். கத்துவார். கத்தட்டும், அதில்தானே தெரியும், தான் இல்லாமல் அந்த மனிதருக்கு ஆகாது என்று. வழக்கம்போல ஸ்கூட்டர் ஏறியபின், வழியெல்லாம் விவரம் சொல்லி, மோர்வாடி சிக்னலில் முடித்தார். போகட்டுமா?

போலாம், போலாம்.

தலையைக்கூடத் திருப்பவில்லை.

டீச்சர் மறுநாளே பிரின்சிபாலிடம் வீட்டில் சரி சொல்லிவிட்டார்கள் என்றார். ஒரு தடவை நேரில் வந்து பள்ளியைப் பார்த்துவிட்டு முடிவாகச் சொல்லுங்கள் என்று சாதாராவிலிருந்து பதில் வந்தது. அதற்கப்புறம் ஸ்கூட்டரில் டீச்சர் பேசவில்லை. வீட்டில் சோறு, குழம்பு, சாவி, அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கச் சூர்யநாராயணனுக்கு ஏனோ மனது லேசாக இருந்தது. காரணம் அவருக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை அம்மு வீடியோவில் கூப்பிட்டாள். பூனாவில் வளர்ந்த பெண். அவள் தமிழ் தட்டித் தடவித்தான் வரும். அதனாலேயே அப்பாவுக்கு அவள் பேசுவது புரியும். நிறுத்தி நிறுத்திப் பேசுவாள், முகம் திரை முழுக்க இருக்கும்.

“அப்பா, யூ ஆர் டூ குட்! அம்மா சாதாரா போறதுக்கு நீங்க ஒரு செகண்ட்ல ஓகே சொல்லிட்டீங்களாமே. பட் அம்மா கொஞ்சம் ஸேடா இருக்காங்க. க்யோன்? ஏன், என்ன ஆச்சு?”

“ம்” என்றார் அவர். எந்த ‘ம்’ என்று அவருக்கே தெரியவில்லை.

5

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். டீச்சர் குழாயைத் திறந்துவிட்டுக் கீரை அலசிக்கொண்டிருந்தார். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது. திரும்பாமலே ஏதோ சொன்னார்.

[இங்கே எனக்கு ஒரு தொழில் சிக்கல். இந்தக் காட்சி அவர் பக்கத்தில் நின்று சொல்லப்படுகிறது. டீச்சர் சொன்னதை முழுசாக எழுதினால் அவருக்குக் கேட்டுவிட்டதாக ஆகிவிடும். அவருக்குக் கேட்டபடியே ஒரு வரி மட்டும் எழுதுகிறேன்.]

“…முகிட்ட பே… …டீங்களா?”

அவர் குழாயை மூடினார். ஃபேனை அணைத்தார். டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“சாந்தா, நீ இப்பம் சொன்னது எனக்குக் கேக்கலை.”

“அம்முகிட்ட பேசிட்டீங்களான்னு கேட்டேன்.”

“இது மட்டுமில்ல. அன்னைக்கு சிக்னல்ல நீ கேட்டதும் கேக்கலை.”

“போலாம்னு சொன்னீங்களே!”

“பச்சை விழுந்துச்சு. கிளம்பலாமான்னு கேக்கியோன்னு நெனச்சேன்.”

டீச்சருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

“ஒரு வாரமா நான் வண்டியில ஒரு வார்த்தை பேசலை. அதாவது தெரியுமா?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “நிம்மதியா இருந்துச்சு சாந்தா. தப்பா எடுத்துக்கிடாத. நீ பேசும்போது எங்க ‘ம்’ போடணும்னு தேடிக்கிட்டே ஓட்டணும். இந்த வாரம் அது இல்ல.”

டீச்சர் ஈரக் கையோடு நின்றார். “எப்ப இருந்து?”

“நல்லாவே கேக்காம ஆகி ரெண்டு வருஷம் இருக்கும்.”

“ரெண்டு வருஷமா நான் சொன்னதெல்லாம்?”

அவர் மூடிய குழாயை மறுபடி இறுக்கினார்.

“எங்கம்மாவைப் பாத்துட்டு ஊர்ல இருந்து வந்தேனே, என்னையே ‘நீ யாரும்மா’ன்னு கேட்டாங்கன்னு. வாகட் பாலத்துல வச்சுச் சொல்லி அழுதேனே. அது?”

“நீ குலுங்குனது முதுகுல தெரிஞ்சுது. குளிருதோன்னு நெனச்சேன். அதான் மெதுவா ஓட்டினேன்.”

டீச்சர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். “ஆமா, மெதுவாத்தான் ஓட்டினீங்க. அழுது முடிக்கட்டும்னு விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு உங்களை எவ்வளவு…” என்று ஆரம்பித்து, “சரி, ஒண்ணுமில்ல, விடுங்க” என்று அடுப்புப் பக்கம் திரும்பினார்.

அவர் டீச்சரின் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

“அதை மட்டும் சொல்லாத. கம்பெனியில, கல்யாண வீட்டுல, எல்லாரும் எனக்கு அதைத்தான் சொல்லுதாங்க. என்னன்னு கேட்டா ‘ஒண்ணுமில்ல’. ரெண்டாந்தடவை கேட்டா ‘விடுங்க சார்’. நீயும் சொன்னா நான் யார்கிட்ட போயி என்னன்னு கேக்க?”

[அவர் அவளை அணைத்துக்கொண்டார் என்று எழுதி, உடனே அடித்தேன். அந்த வீட்டுப் பழக்கம் அது இல்லை. டீச்சர் விட்ட வாக்கியத்தை முடித்தார்: “அன்னைக்கு உங்களை எவ்வளவு பிடிச்சுதுன்னு சொல்ல வந்தேன்.” பிறகு கீரையை அடுப்பில் ஏற்றினார். ஜொஹ்ரா இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, ‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் காகிதம் கிழியக் கோடு போட்டிருந்தாள்.]

6

ஞாயிற்றுக்கிழமை காலை டிவியை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீச்சர் சாதாரா விவரத்தை முதலிலிருந்து சொன்னார். அவருக்கு எங்கே விட்டுப்போயிற்றோ அங்கே நிறுத்தி மறுபடி சொன்னார்.

“இப்பம் சொல்லுங்க. என்ன தோணுது?”

“போகாதன்னு தோணுது” என்றார் அவர். “நீ போயிட்டா பேங்க்ல, டாக்டர்கிட்ட, சொசைட்டி மீட்டிங்ல என்ன சொல்லுதாங்கன்னு யாரு எனக்குச் சொல்லுவா? இத்தனை நாளும் உன் மூஞ்சியைப் பாத்துத்தான் சமாளிச்சேன். நீ தலையாட்டினா நானும் ஆட்டுவேன்.”

“அப்பம் நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, காதா?”

அவர் யோசித்துச் சொன்னார். “ரெண்டு வருஷமா காதுதான். பொண்டாட்டிகிட்ட பேசி ரொம்ப நாளாச்சு.”

டீச்சர் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு தம்ளர்.

நம் மொழியில் கேட்பதற்கும் கேட்பதற்கும் ஒரே சொல். காதால் வாங்குவதும் கேட்பது, வாயால் வினவுவதும் கேட்பது. ஒன்றைச் செய்ய முடியாதவர் மற்றதை விடாமல் செய்தால் ஓரளவு தப்பிக்கலாம் என்று யாரோ நினைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் சூர்யநாராயணன் மாதிரி ஆட்கள் இரண்டையும் ஒன்றாகவே விட்டுவிடுகிறார்கள். காது போனதும் கேள்வியும் போய்விடுகிறது.

அந்த வாரமே பாணேரில் காது சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் சுஷ்மாவிடம் போனார்கள். சின்னப் பெண், மராத்தியும் இந்தியுமாகப் பேசினாள். கண்ணாடி அறையில் அவரை உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, காதுக்கு மிஷின் வைத்தே ஆகவேண்டும் என்றாள். அதோடு விடவில்லை. “மிஷின் பாதி வேலைதான் செய்யும் அங்கிள். மீதியை நீங்க ரெண்டு பேரும்தான் செய்யணும்” என்று இருவருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்தாள்.

டீச்சருக்கு: பேச்சை ஆரம்பிக்கும் முன் அவர் கவனத்தை இழுங்கள். அடுத்த அறையிலிருந்து பேசாதீர்கள். கத்தாதீர்கள், கத்தினால் வாய் கோணும், சொல் இன்னும் சிதையும். ஒரு வாக்கியம் எட்டவில்லை என்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

அவருக்கு: வெறும் “என்ன?” கூடாது. கேட்டவரைக்கும் சொல்லிவிட்டு, விட்டதை மட்டும் கேளுங்கள். “சாதாராவுக்கு எப்பம்னு சொன்ன?” என்று கேட்டால் சொல்கிறவருக்கும் சலிக்காது. களைத்துப் போனால் களைப்பாக இருக்கிறது என்று சொல்லுங்கள், தலையாட்டாதீர்கள்.

டீச்சர் வெளியே வந்து படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

“என்ன?” என்றார் அவர். உடனே திருத்திக்கொண்டு, “என்னத்தை யோசிக்கிற?”

“இருபத்தஞ்சு வருஷமா போர்டைப் பாத்துக்கிட்டேதான் கணக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். பின்னால எத்தனை பிள்ளை ‘ம்’ போட்டுச்சோ!”

மிஷின் வந்த முதல் நாள் அவருக்குப் பெரும் அவஸ்தை. பேப்பர் புரட்டினால் அப்பளம் பொரிகிற மாதிரி இருந்தது. தன் வாயில் முறுக்கு நொறுங்குவதைக் கேட்டுப் பயந்து, பாதியில் வைத்துவிட்டார். ஸ்கூட்டர் ஏறினால் காற்று ஊளையிட்டது. ஹெல்மெட் போட்டால் மிஷின் கூவியது. வண்டியில் பேசுவது இனிமேல் நடக்காது என்பது இரண்டு பேருக்கும் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

[முதல் வரைவில் மிஷின் மாட்டியதும் அவர் குயில் சத்தம் கேட்டுக் கண் கலங்கினார். ஜொஹ்ரா: “சினிமாவா எடுக்குற? மொதல்ல கேக்குறது ஃப்ரிட்ஜ் சத்தம்தான்.” குயிலைத் துரத்திவிட்டேன்.]

7

டீச்சர் போகிறாரோ இல்லையோ, தனக்குக் கேட்காது என்பதைத் தானே தன் வாயால் சொல்லிப் பழக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணாடி முன் நின்று மராத்தியில் சொல்லிப் பார்த்தார். “மலா நீட் ஐகூ யேத் நாஹி. ஸமோரூன் போலா.” எனக்குச் சரியாகக் கேட்காது. எதிரில் நின்று பேசுங்கள்.*

*மராத்தியில் ‘போலா’ என்றால் பேசுங்கள். எழுத்தில் போட்டால் நம்முடைய ‘போலாம்’ போலத்தான் இருக்கிறது. இதை வைத்து இன்னொரு குழப்பக் காட்சி எழுத ஆசை வந்தது. பாவம், போதும் என்று விட்டுவிட்டேன்.

தொழிற்சாலையில் காலைக் கூட்டம் தளத்திலேயே நின்றபடி நடக்கும். புது மேலாளர், முப்பது வயதுப் பையன், தாளைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று படிப்பான். சூர்யநாராயணன் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எல்லாரும் திரும்பினார்கள். ஒத்திகை பார்த்த மராத்தி மறந்துவிட்டது. இந்தியும் வரவில்லை. காதிலிருந்த மிஷினைத் தொட்டுக் காட்டினார். பிறகுதான் வாக்கியம் வந்தது, தேவைக்கு அதிகமான சத்தத்தோடு.

மேலாளர் ஒரு கணம் தடுமாறிவிட்டு, மேஜையைச் சுற்றி வந்து அவருக்கு எதிரில் நின்றான். “ஸாரி சர். பஹில்யாபாசூன் சாங்தோ” என்று முதலிலிருந்து ஆரம்பித்தான்; தாளைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டான். கூட்டம் கலையும்போது, பக்கத்தில் நின்ற பிரஸ் ஆபரேட்டர் அவர் முழங்கையைத் தொட்டார். வருஷக்கணக்காகச் சேர்ந்து டீ குடித்த ஆள். தன் காதைக் காட்டி, “மலா பண்” என்றார். எனக்கும்தான். எந்த டாக்டர் என்று கேட்டார்.

சாயங்காலம் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, டீச்சரிடம் இதைச் சொன்னார். அந்த மேலாளர் மேஜையைச் சுற்றி வந்ததை இரண்டு தடவை சொன்னார். டீச்சர் இரண்டு தடவையும் கேட்டுக்கொண்டார்.

8

இனி முடிவு. இதிலும் மூன்று எழுதினேன்.

ஒன்று: டீச்சர் போகவில்லை. கணவருடன் இருந்துவிடுகிறார். என் அக்காவுக்கு இது பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை தூரம் எழுதிவிட்டு, காதாகவே இருந்துவிடு என்று அந்த அம்மாவை நான் எப்படி உட்காரவைப்பேன்?

இரண்டு: டீச்சர் போகிறார். அவர் காலிங் பெல்லுக்கு விளக்கு எரிகிற ஏற்பாடு செய்துகொண்டு, சாம்பார் வைக்கப் பழகி, தினம் வீடியோவில்— [இவ்வளவு வழுவழுப்பாக யார் வாழ்க்கையும் போவதில்லை. ஜொஹ்ராவும் முகம் சுளித்தாள்.]

மூன்று: அவர் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போகிறார். இதைச் சூர்யநாராயணனிடம் கேட்டிருந்தால், “சாதாராவுல போயி நான் என்னத்தைச் செய்ய?” என்றிருப்பார்.

மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை, பள்ளியைப் பார்த்துவர இரண்டு பேரும் கிளம்பினார்கள். பஸ் இருந்தது. ஆனாலும் ஸ்கூட்டரில்தான் போனார்கள்.

ஏற்பாடு இதுதான்: டீச்சருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் வலது தோளில் தட்டுவார். அவர் ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்பி நிற்பார். காத்ரஜ் சுரங்கம் தாண்டியதும் முதல் தட்டு. நிறுத்தினார்.

“என்ன சாந்தா? ஏதும் ஆயிட்டா?”

“அந்த லாரி பின்னால என்ன எழுதியிருந்துச்சு பாத்தீங்களா? ‘என்னைப் பார்த்து எரியாதே, உழைத்து வாங்கு’ன்னு மராத்தியில. லாரியில பூரா எருமைச் சாணி!”

“இதுக்கா நிறுத்துன?”

“இதுக்குத்தான்.”

அடுத்து ஒரு பெயர்ப்பலகைக்காக. அதற்கடுத்து, அம்முவுக்கு ஒருத்தனைப் பிடித்திருக்கிறதோ என்ற சந்தேகத்துக்காக. அதற்குப் பெரிய நிறுத்தம். ஷிர்வளில் காரப் பயறு மிசல் சாப்பிட்டார்கள். டீச்சர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மிக்ஸி ஓடும் பக்கம் வேண்டாம் என்று மூலை மேஜையைப் பிடித்தார். சுவருக்கு முதுகு காட்டி அவரை உட்காரவைத்தார். கம்பாட்கி மலைப்பாதையில் பாதி ஏறியதும் இன்னொரு தட்டு. இந்தத் தடவை டீச்சர் முதலில் கீழே வயல்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, இரண்டு வருஷத்துக்கு முந்திய அந்த அழுகையை மறுபடி சொன்னார். அம்மாவின் கட்டில், அம்மாவின் கை, ‘நீ யாரும்மா’. இந்தத் தடவை அழவில்லை. அவர் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டார். ‘ம்’ போடவில்லை. சொல்லி முடித்ததும், “உங்கம்மா என்னைப் பாத்திருந்தா அடையாளம் தெரிஞ்சிருக்கும். கடைசிவரைக்கும் என்னைத் திட்டுததுல அவங்களுக்கு ஒரு ருசி” என்றார். டீச்சர் நடுரோட்டில் வாய்விட்டுச் சிரித்தார்.

இப்படியாக மூன்று மணி நேரப் பாதையில் மத்தியானம் தாண்டித்தான் சாதாரா போய்ச் சேர்ந்தார்கள்.

பள்ளி வாசலில் ஒரு வேப்பமரம், அதன்கீழ் ஒரு பெஞ்சு. டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “உள்ள போயி என்ன சொல்லப்போறேன்னு எனக்கே இன்னும் தெரியலை” என்றார். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாச் சொல்லும் வந்து சேர்ந்தது. “எது சொன்னாலும் வெளிய வந்து என்கிட்ட சொல்லு. சண்டை போடணும்னா போடுதேன். ரெண்டு வருஷ பாக்கி இருக்கு” என்றார்.

டீச்சர் உள்ளே போனார். காவலாளி வந்து அவரிடம் கிடுகிடுவென்று ஏதோ கேட்டார். சூர்யநாராயணன் தன் வாக்கியத்தைச் சொன்னார், இந்தத் தடவை திக்காமல். காவலாளி பெஞ்சில் அவர் முகம் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, பூனாவில் மழை எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினார்.

நான் இங்கேயே நின்றுகொள்கிறேன். உள்ளே நடப்பதை எழுத எனக்கு இஷ்டம் இல்லை. இத்தனை நாள் அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டது போதும். டீச்சர் என்ன பதிலோடு வெளியே வருகிறார் என்பதை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். போகிறார் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, அவரோடு வந்து பெஞ்சில் இருக்கிறவரிடம் நீங்களே சொல்லலாம். ஒன்று மட்டும். மத்தியான வெயில் இப்போது மேற்கே சாய்ந்துவிட்டது. அதற்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் முகம் நிழலில் விழும், வாய் அவருக்குத் தெரியாது. கண் கூசினாலும் பரவாயில்லை. இந்தப் பக்கமாக வந்து நில்லுங்கள்.